பல்லவி வழக்கம்போல்

அத்தியாயம் 14

தலைநகர் ரீகாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விஸ்மா தன் ஊரான வார்னுபேயில் இறங்கியபோது மணி ஒன்பது. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. டிசம்பர் இருபத்தொன்று. ஏழு மணி நேரத்துக்குள் மறுபடி இருட்டிவிடும்.

பைக்குள் ஒரே ஒரு தாள். மூன்று வாரமாக அவளை அலையவிட்ட தாள்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் நாட்டுப்பாட்டுக் குழுக்களுக்குத் தரம் போடும் குழு ஊருக்கு வந்தது. விஸ்மாவின் அம்மா ஸெல்மா, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலப் பாட்டுப் பாடினாள். ஏசு இந்தப் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே பாடுகிற வகைப் பாட்டு. குழுவின் தலைவர், டாக்டர் பட்டம் வாங்கிய உயரமான மனிதர், கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"குரல் நல்லா இருக்கும்மா. ஆனா இது கிழக்குச் சீமைப் பாட்டு. 'கலதூ, கலதூ'ங்கிற பல்லவி அவங்களது. உங்க ஊர்ப் பாட்டு எங்கே?"

ஸெல்மா விழித்தாள். ஊர்ப் பாட்டு என்று தனியாக ஒன்று உண்டா? எல்லாரும் பாடுவதைத்தானே அவளும் பாடினாள்!

"குளிர்காலத் திருநாள்ல கட்டை இழுத்து எரிக்கிற அன்னிக்கு மறுபடி வரோம். உங்க ஊர்ப் பாட்டைப் பாடுங்க. இல்லேன்னா மூணாம் தரம்தான்."

மூன்றாம் தரம் என்றால் குழுவைக் கலைக்க மாட்டார்கள். தலைமையை மாற்றுவார்கள். ஊர் மன்றத்தின் விதி அது: மூன்றாம் தரத்துக்கு இறங்கிய குழுவை இசையில் பட்டயம் வாங்கிய ஒருவர் ஏற்று நடத்தவேண்டும். ஊரிலேயே பட்டயம் வைத்திருப்பவள் பாட்டு டீச்சர் இனேசே ஒருத்திதான். ஸெல்மா எட்டாவதோடு நின்றவள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் விஸ்மா. படித்தது வேதியியல். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆவணக் காப்பகத்துக்குள் போய், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் பயப்படாமல் கேட்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் வேறு யாருமில்லை. அதனால் அவள்தான் தேடினாள்.

பள்ளிக்கூடச் சமையலறைக்குள் நுழைந்தாள். பெரிய பானையில் சாயங்காலத்துக்கான சாம்பல் பட்டாணி கொதித்துக்கொண்டிருந்தது. ஸெல்மா கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டெக்லா பன்றிக் கொழுப்பை நறுக்கிக்கொண்டிருந்தாள். குழுவில் சுருதி இழுப்பவள். விஸ்மாவின் அண்ணன் கிர்ட்ஸ் மேஜைமேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"நானும் தேடினேன்," என்றான் அவன். "குளிர்காலப் பழஞ்சமயப் பாட்டுன்னு போட்டா தாடி வச்ச நாலு பேரு காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு முரசடிக்கிறான். ஒருத்தனுக்கும் சட்டை இல்ல. சளி பிடிக்காதா?"

"அண்ணா, மேஜையை விட்டு இறங்கு. அம்மா, கிடைச்சிடுச்சு."

கரண்டி நின்றது.

விஸ்மா தாளை விரித்தாள். காப்பகத்து அட்டையின் நகல். மேலே அழகான சாய்ந்த கையெழுத்து: *வார்னுபே. டிசம்பர் 1929. பாடியவர்: த்ரீனே, பண்ணை வேலைக்காரி. எழுதியவர்: ஊர்ப் பள்ளி ஆசிரியர்.* கீழே சுரங்கள். சுரத்துக்குக் கீழே வரிகள்.

கட்டை வருது, கதவைத் திற.
பட்டியில் தூங்கும் ஆட்டை எழுப்பு.

"எங்க பாரு!" டெக்லா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். "நம்ம ஊரு! நம்ம ஊருன்னே போட்டிருக்கு!"

"பாதிதான் கிடைச்சிருக்கு அத்தை," என்றாள் விஸ்மா. "ஒவ்வொரு வரிக்கும் பின்னால பல்லவி வரணும். நாலு சுரம் இருக்கு. வார்த்தை இல்ல."

"ஏன் இல்ல?"

விஸ்மா விரலை வைத்துக் காட்டினாள். நான்கு சுரத்துக்கும் அடியில் வாத்தியார் எழுதியிருந்தது இரண்டே சொல்: *பல்லவி வழக்கம்போல்.*

கிர்ட்ஸ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அந்தாளுக்கு என்ன கொள்ளை?" என்றாள் டெக்லா. "வழக்கம்போல்னா? யாருக்கு வழக்கம்?"

"அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். மை எதுக்குச் செலவு பண்ணணும்னு விட்டிருப்பான்." விஸ்மாவுக்கு பஸ்ஸில் வரும்போதே பற்றிக்கொண்டு வந்த கோபம் இது. படித்தவன் அவன் ஒருத்தன். எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன். அவனும் எழுதவில்லை.

"கலதூன்னு வச்சிக்கலாமே," என்றான் கிர்ட்ஸ்.

"அது மூணு அசை. மேற்குச் சீமையில பாடுற 'தோதரி'யும் மூணுதான். இங்க நாலு இருக்கு. அந்த டாக்டர் முதல் வரியிலயே பிடிச்சிடுவாரு."

ஸெல்மா அடுப்பைத் தணித்தாள். கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள். "நான் பொறந்தப்போ ஊர்ல குளிர்காலத்துல வேஷம் கட்டி வீடு வீடா வர்றதையே நிறுத்திட்டாங்க. அரசாங்கக் கூட்டுப்பண்ணைத் தலைவன் தடை போட்டுட்டான். எனக்குத் தெரியாது. எனக்கு முன்னாடி பொறந்தவங்களுக்குத் தெரியலாம்."

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஸெல்மாவுக்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்தவள் ஒருத்திதான். அவளுடைய சொந்த அக்கா வெல்டா. ஒன்பது வருஷத்துக்கு முன்பு வெல்டா பாட்டுக் குழுவை விட்டுவிட்டு ஆலயத்துச் சபைக்குழுவில் சேர்ந்தாள். "போதகருக்கு நீ மெழுகுவர்த்தி பிடிக்கப் போ" என்று ஸெல்மா எட்டுப் பேர் முன்னால் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

"நான் போறேன்," என்றாள் விஸ்மா.

ஆலயத்துக்குள் வெளியில் இருந்ததைவிடக் குளிர் அதிகம். வெல்டா முட்டிவரை கம்பளி போட்டுக்கொண்டு பீடத்துப் பித்தளை விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. கணவர் போனபிறகு அவளுக்கு இந்த இடம்தான் வீடு.

விஸ்மா விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அஞ்ஞானிப் பாட்டுக்கு ஆலயத்துலயாடி வந்து வழி கேக்குற?"

"வேற எங்க கேக்கட்டும் பெரியம்மா? தெரிஞ்ச ஆள் இங்கதான் உக்காந்திருக்கீங்க."

"எனக்குத் தெரியாது."

"அட்டையில இருக்கிற ரெண்டு வரியை முணுமுணுக்கிறேன். கேளுங்க." விஸ்மா பாட ஆரம்பித்தாள். கட்டை வருது, கதவைத் திற...

வெல்டாவின் கை நின்றுவிட்டது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

தெரியும். இந்த அம்மாளுக்குத் தெரியும். வைத்துக்கொண்டே சொல்ல மாட்டேன் என்கிறாள். விஸ்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தங்கச்சி மேல கோவம்னா நேரா போய் சண்டை போடுங்க. அவ வாய்லேர்ந்து பாட்டைப் பிடுங்கி இனேசே டீச்சர் கையில குடுக்கணுமா? எங்கம்மாகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். மிச்ச நேரம் முழுக்க முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறா."

"கோவம் இல்லடி, முட்டாள்." வெல்டா துணியை வீசினாள். "அவ நல்லதுக்குத்தான் சொல்ல மாட்டேங்கிறேன்."

"அது என்ன நல்லது?"

வெல்டா பீடத்தைப் பார்த்தாள். விஸ்மாவைப் பார்த்தாள். எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனாள். ஆலயச் சுவரைத் தாண்டி, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் நின்றாள்.

"உள்ள சொல்ல முடியாது. அப்ப எனக்கு எட்டு வயசு. கூட்டுப்பண்ணைக்காரன் கண்ணுல படாம தொழுவத்துக் கதவைச் சாத்திக்கிட்டுப் பாடினாங்க. கிடா வேஷம் கட்டினவன் நடுவுல குதிப்பான். குட்டி நெறைய போடணும்னு பாடறது. பல்லவி வர்றப்போ எங்கம்மா என் காதைப் பொத்துவா. பொத்தினா கேக்காதா?"

"என்ன பல்லவி?"

வெல்டா அவள் காதில் சொன்னாள்.

விஸ்மா எண்ணினாள். நான்கு அசை. சரியாக நான்கு.

"கிடாக்கொட்டையா?"

"சத்தமா சொல்லாதடி!"

விஸ்மாவுக்கு இப்போது புரிந்தது. வாத்தியார் மையை மிச்சம் பிடிக்கவில்லை. எழுதக் கூசியிருக்கிறான். தொண்ணூறு சொச்சம் வருஷம் ஒரு ஊரே தன் பாட்டைத் தொலைத்து நின்றதற்குக் காரணம், ஒரு வாத்தியாருக்கு வந்த வெட்கம்.

"ஒண்ணு சொல்றேன்," என்றாள் வெல்டா. முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. பயம் ஏறியிருந்தது. "நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. மணி அடிக்கிறவனைப் போன மாசம் போதகர் சபைக்குழுவை விட்டு எடுத்தாரு. உங்கம்மா கூட்டத்துல மேளம் தட்டினான், அவ்வளவுதான். என்னை எடுத்தா நான் எங்க போவேன்? சத்தியம் பண்ணு."

விஸ்மா சத்தியம் செய்தாள்.

சமையலறையில் விஷயத்தைச் சொன்னபோது முதலில் டெக்லா வெடித்தாள். கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிர்ட்ஸ் "நான்தானே கிடா வேஷம்? எனக்குக் கூச்சமா இருக்கு" என்று காலைச் சேர்த்துக்கொண்டான்.

ஸெல்மா சிரிக்கவில்லை. "யாரு சொன்னா?"

"பேர் கேக்காத அம்மா."

ஸெல்மா மகளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். கேட்கவில்லை. வாய்க்குள் பாடிப் பார்த்தாள். கட்டை வருது, கதவைத் திற, கி-டாக்-கொட்-டை. "உக்காருது," என்றாள். "பூட்டுல சாவி போட்ட மாதிரி உக்காருது."

விஸ்மா சட்டென்று சொன்னாள்: "வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"வேற ஏதாவது போட்டுக்கலாம். தோதரின்னு போட்டு கடைசி சுரத்தை இழுத்துடலாம். அந்த டாக்டர் முன்னாடி, ஊர் முன்னாடி, நீ போய் அதை..."

"அதை?"

விஸ்மா தாளை மடித்தாள். இத்தனை நாளாக யார் மீதெல்லாம் கோபப்பட்டாள்? தரம் பார்ப்பவர்கள், பட்டயக்காரி, செத்துப்போன வாத்தியார். இப்போது அதே வாத்தியாரின் வேலையை அவளே செய்துகொண்டிருக்கிறாள். இது முதல்முறையும் இல்லை. விடுதி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'சமையல்' என்று எழுதக் கை வராமல் 'உணவுத் துறை' என்று எழுதியவள்தான் அவள்.

"கிடா இல்லாம குட்டி எங்கேர்ந்து வரும்?" என்றாள் ஸெல்மா. "நீ வேதியியல் படிச்சவதானே, உனக்குத் தெரியாதா?"

"அது உயிரியல்," என்றாள் டெக்லா.

"எதுவோ ஒண்ணு. த்ரீனேன்னு ஒரு வேலைக்காரி பாடியிருக்கா. அவளுக்கு அசிங்கமா தெரியல. எழுதினவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு." ஸெல்மா கரண்டியை எடுத்தாள். "மத்தவங்களைக் கூப்பிடு. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் இருக்கு. பழகணும்."

நாலரை மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. பழைய பால்பண்ணை முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. நடுவில் கருவேல மரத்தின் ஆளுயரக் கட்டை, இரண்டு கயிறு கட்டி. போன வருஷத்துக் கெட்டதெல்லாம் இதில் ஏறவேண்டும். கட்டடத்தை மூன்று சுற்று இழுத்து வந்து எரிக்கவேண்டும். வருகிறவர்கள் கட்டையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு கிழவர் தன் இடுப்பைக் கட்டைமீது நன்றாகத் தேய்த்துவிட்டுப் போனார்.

டாக்டரும் கூட இரண்டு பெண்களும் பதிவுக் கருவியோடு நின்றார்கள். அவர்களுக்கு மூன்றடி தள்ளிப் போதகர். கறுப்பு மேலங்கி, கையைப் பின்னால் கட்டியபடி. தன் சபையில் யார் யார் இங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார் என்று டெக்லா முணுமுணுத்தாள்.

வெல்டா வரவில்லை.

ஸெல்மா முன்னால் வந்தாள். சமையலறை வெள்ளை மேலாடையைக் கழற்றிவிட்டுக் கோடு போட்ட பாவாடையும் தோளில் சால்வையும் அணிந்திருந்தாள். இந்தப் பாட்டில் ஒருத்தி வரியைச் சொல்வாள், மற்றவர்கள் அடியில் ஒரே சுருதியை இழுத்துப் பிடிப்பார்கள்.

"கட்டை வருது, கதவைத் திற!"

ஏழு பேரும் 'ஏ' என்று பிடித்தார்கள். பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து, திக்காமல், முழுக் குரலில் பல்லவியைச் சொன்னார்கள்.

டாக்டரின் உதவிப் பெண் ஒருத்தி கருவியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பட்டியில் தூங்கும் ஆட்டை எழுப்பு!"

மறுபடி பல்லவி. கூட்டத்தில் ஒரு சிறுமி தெளிவாகக் கேட்டாள்: "அம்மா, கிடாவுக்கு என்னவாம்?"

அவ்வளவுதான். முற்றம் முழுக்கச் சிரிப்பு. கிடா முகமூடியோடு கிர்ட்ஸ் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு குதித்தான். காலை இப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. ஸெல்மா நிறுத்தவில்லை. சிரிப்புக்கு மேலே அடுத்த வரியை எடுத்தாள். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் சிரித்துக்கொண்டே பல்லவியில் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது 'கொட்'டில் இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் விறைத்தன. பனியில் புதைந்திருந்த கட்டை பெயர்ந்து நகர்ந்தது.

விஸ்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இழுக்கிறதுக்காகக் கட்டின பாட்டு! நான்கு அசையும் நான்கு இழுப்பு.

மூன்று சுற்று முடிந்து கட்டையில் தீ பிடித்ததும் டாக்டர் வந்தார். கையில் படிவம், விஸ்மா கொடுத்த அட்டை நகல். முகத்தில் முன்பு இல்லாத மரியாதை.

"பிரமாதம்மா. சுரம் எல்லாம் அட்டைப்படியே இருக்கு. அசல் மாதிரிதான் தெரியுது. பல்லவி யார் சொன்னது? பேர், வயசு, எந்த வருஷம் கேட்டாங்க. அதை மட்டும் நிரப்பிட்டா இரண்டாம் தரம் நிச்சயம். முதல் தரமே கேட்டுப் பார்க்கலாம்."

ஸெல்மா மகளைப் பார்த்தாள்.

விஸ்மா போதகரைப் பார்த்தாள். மூன்றடி. காது கேட்காத தூரமில்லை.

"பேர் சொல்ல முடியாதுங்க," என்றாள். "உயிரோட இருக்கிற ஒருத்தர். நேர்ல கேட்டவங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"பேர் இல்லேன்னா, குழு தானே கட்டிக்கிச்சுன்னுதான் நான் எழுத முடியும்."

"எழுதத் தெரிஞ்சவன் அன்னிக்கு எழுதாம விட்டான். அதுக்கு எங்கம்மா தண்டனை வாங்கணுமா? அவன் எழுதினா அது ஆவணம். எங்காளு சொன்னா அதுக்குப் பேர் வேணும், வயசு வேணும், சாட்சி வேணும்! நாங்க பொய் சொல்றோம்னு நினைக்கிறீங்களா?"

"இல்லம்மா. நான் உங்களை நம்புறேன்." டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் விஸ்மாவுக்கு இன்னும் எரிந்தது. "நம்பிக்கைக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லை."

ஒரு சொல் போதும். வெல்டா. மூன்றெழுத்து. அம்மாவின் குழு அம்மாவிடமே இருக்கும். விஸ்மாவின் மேற்பல் கீழுதட்டைத் தொட்டுவிட்டது.

"குடுங்க," என்றாள் ஸெல்மா.

படிவத்தை வாங்கித் தீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பல்லவி நான் கட்டினது. என் வாய்ல வந்தது. அப்படியே எழுதிக்கோங்க."

"அப்படி எழுதினா மூணாம் தரம்தான்மா," என்றார் டாக்டர்.

"மூணுன்னா மூணு."

"அம்மா!" விஸ்மா அவள் கையைப் பிடித்தாள். ஸெல்மா கையை விடுவித்துக்கொண்டாள். டாக்டர் கொடுத்த பேனாவால், பள்ளிக்கூடத்துச் சாமான் சீட்டில் போடுகிற அதே உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

போதகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பட்டாணிப் பானை அருகே வந்ததும் விஸ்மா வெடித்தாள். "ஏன் அப்படிச் சொன்ன? ஜனவரியிலேர்ந்து இனேசே வருவா. உன்னை ஓரத்துல நிக்க வச்சு சுருதி இழுக்கச் சொல்லுவா."

"இழுக்கிறேன். டெக்லா இழுக்கலையா?"

"அது உன் குழும்மா!"

ஸெல்மா கிண்ணத்தில் பட்டாணியை அள்ளினாள். மேலே வறுத்த கொழுப்பைப் போட்டாள். சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்டாதானே?"

விஸ்மா இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள்.

"நீ சொல்லவேண்டாம். மெழுகுவர்த்தி பிடிக்கப் போன்னு சொன்னேன் அவளை. எட்டுப் பேர் முன்னாடி. அதுக்கப்புறம் என்னன்னு போய்ப் பேசறது, பேச ஒரு விஷயமும் இல்லாம ஒன்பது வருஷம் போச்சு." கிண்ணத்தின்மேல் தட்டை வைத்து மூடினாள். "இப்ப விஷயம் இருக்கு. காலைல இதை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போறேன். நீ வராத."

தீயைச் சுற்றிக் கூட்டம் இன்னும் பல்லவியை விடவில்லை. இப்போது பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். நாளை ஸெல்மாவின் சமையலறை வரிசையில் தட்டோடு நிற்கப்போகிற பிள்ளைகள்.

கிடா முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு கிர்ட்ஸ் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. முகத்தில் விளையாட்டு இல்லை.

"அம்மா, போதகர் கார் இங்கயேதான் நிக்குது. ஆளைக் காணோம்."

"எங்க போனார்?"

"பெரியம்மா வீட்டுப் பாதையில, பனியில, ஒரே ஒரு ஜோடிக் கால்தடம் போகுது."

ஸெல்மா மூடிய கிண்ணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நேரில் கேட்டவள் யாரென்று போதகரும் கணக்குப் போட்டுவிட்டார்; இனிக் காலைவரை காத்திருக்க முடியாது. சால்வையைக்கூட இறுக்கிக்கொள்ளாமல் அந்தத் தடத்தின்மேலேயே கால் வைத்து நடக்க ஆரம்பித்தாள்.